லாங் மெல்ஃபர்டு பரிசுத்த திரித்துவ ஆலயம்: கட்டடக்கலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ஊர்களில் இருக்கும் பழைய பங்கு ஆலயங்களை, அதாவது அந்தந்த ஊர் மக்களுக்கு உரிய ஆலயங்களைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் சுவர், சன்னல், கூரை, கல்லறை என்று நிதானமாகப் பார்ப்பதே பயன் தரும் என்று நினைக்கிறேன். அதற்காகத் தேர்ந்துகொண்டது சஃபோக் மாவட்டத்தில் உள்ள லாங் மெல்ஃபர்டு ஆலயம். அதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

இந்த ஆலயம் எங்கே இருக்கிறது? எப்போது கட்டப்பட்டது?

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான சஃபோக்கில், ஸ்டவர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சட்பரி என்னும் சிறு நகருக்குச் சுமார் 3 மைல் வடக்கே லாங் மெல்ஃபர்டு இருக்கிறது. ஊரின் பெயரில் உள்ள ‘லாங்’ அதன் நீண்ட ஒற்றைத் தெருவைக் குறிக்கிறது. தெருவின் வடகோடியில் ஒரு பெரிய புல்வெளி மேடாக ஏறிச் செல்லும். அந்த மேட்டின் உச்சியில் ஆலயம் நிற்கிறது.

இன்று நாம் காணும் கட்டடத்தின் பெரும்பகுதி 1460களுக்கும் 1490களுக்கும் இடையே எழுந்தது. அதற்கு முன்பே அங்கே ஓர் ஆலயம் இருந்தது. அதை முழுவதும் இடித்துத் தள்ளாமல், மேற்குப் பக்கத்தில் இருந்த ஐந்து வளைவுகளின் தூண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் தொடர்ச்சியாகக் கிழக்கே புதியனவற்றை எழுப்பி, மொத்தம் ஒன்பது வளைவுகள் கொண்ட ஒரே நீண்ட கூடமாக்கினார்கள். உள்ளே நடப்பவர் அந்த இணைப்பை எளிதில் உணர மாட்டார். பழைய கட்டுமானத்தோடு புதியதை இவ்வளவு பக்குவமாகச் சேர்த்த கொத்தனாரின் பெயர் எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை என்பது எனக்கு எப்போதும் மனக்குறைதான். ஏனென்றால் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் இந்தச் சுவர்களில் ஏராளமாக இருக்கின்றன.

ஓர் ஊரின் ஆலயம் இவ்வளவு பெரிதாக இருப்பது ஏன்?

துணி வியாபாரம்தான் காரணம். 15-ஆம் நூற்றாண்டில் சஃபோக்கின் தென்பகுதி இங்கிலாந்திலேயே செல்வம் கொழித்த வட்டாரங்களுள் ஒன்று. கம்பளி நூலை நூற்று, நெய்து, ஆற்று நீரில் தோய்த்து அடித்து இறுக்கி, சாயமேற்றி விற்கும் தொழிலில் ஊர் முழுவதும் ஈடுபட்டிருந்தது. அந்த வருமானத்தில் வளர்ந்த துணி வணிகர்கள் தங்கள் ஆலயங்களைப் புதுப்பித்தார்கள். இவ்வகைக் கட்டடங்களை ஆங்கிலேயர் இன்றும் ‘கம்பளி ஆலயங்கள்’ என்றே அழைக்கிறார்கள். சில மைல் தொலைவில் உள்ள லாவன்ஹம் ஆலயமும் அப்படிப்பட்டதே. அங்கே ஸ்பிரிங் என்னும் துணி வணிகக் குடும்பமும் 13-ஆம் ஆக்ஸ்ஃபர்டு பிரபுவும் சேர்ந்து பணம் கொடுத்தார்கள்.

மெல்ஃபர்டில் முன்னின்றவர் ஜான் கிளாப்டன். ஊருக்கு வடக்கே உள்ள கென்ட்வெல் மாளிகையின் உரிமையாளர். லங்காஸ்டர், யார்க் என்னும் இரு அரச குலங்கள் ஆட்சிக்காக மோதிய ரோஜாப் போர்க் காலத்தில் இவர் லங்காஸ்டர் கட்சியைச் சேர்ந்தவர். 1462-இல் 12-ஆம் ஆக்ஸ்ஃபர்டு பிரபுவும் அவருடைய கூட்டாளிகளும் ராஜதுரோகக் குற்றத்துக்காக லண்டனில் தலை வெட்டப்பட்டபோது, அவர்களோடு கைதாகியிருந்த கிளாப்டன் மட்டும் உயிரோடு வீடு திரும்பினார். அதன்பின் 1497-இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் இந்த ஆலயம் எழுந்த ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே. உயிர் தப்பியதற்கான நன்றிக்கடனாகத்தான் கட்டினார் என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆலயத்தில் நிற்கும்போது இதை நினைக்காமல் இருப்பது கடினம்.

பங்கு ஆலயம், கதீட்ரல் என்னும் இரண்டுக்கும் கட்டட அமைப்பில் என்ன வேறுபாடு?

கதீட்ரல் ஆயரின் இருக்கை உள்ள தலைமை ஆலயம். பங்கு ஆலயமோ குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள் வாழும் மக்களுக்கு உரியது. அவர்களுடைய திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எல்லாம் அங்கேதான். பங்கு ஆலயம் அளவில் சிறியது என்பதோடு, பெரும்பாலும் கல் கூரைக்குப் பதிலாக மரக் கூரை கொண்டது.

அமைப்பு பொதுவாக இப்படி இருக்கும். மேற்கே கோபுரம். அதையடுத்து மக்கள் கூடும் நடுக்கூடம். அதன் வடக்கிலும் தெற்கிலும் தூண் வரிசைகளுக்கு அப்பால் பக்கக்கூடங்கள். கிழக்குக் கோடியில் பலிபீடம் உள்ள பீடப்பகுதி. வாசல் பெரும்பாலும் தெற்கே, ஒரு முகப்பு மண்டபத்தோடு இருக்கும். இடைக்காலத்தில் திருமண உடன்படிக்கை அந்த வாசலில்தான் தொடங்கியது. ஊர்ப் பஞ்சாயத்துகளும் கொடுக்கல் வாங்கல்களும்கூட அங்கே நடந்ததுண்டு. பீடப்பகுதியைப் பழுது பார்ப்பது பங்குக் குருவின் பொறுப்பு, நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊர் மக்களின் பொறுப்பு என்ற பிரிவினை இடைக்காலத்தில் நிலைபெற்றிருந்தது. பல ஊர்களில் பீடப்பகுதி எளிமையாகவும் நடுக்கூடம் ஆடம்பரமாகவும் இருப்பதற்கு இந்தப் பிரிவினையே காரணம்.

நடுக்கூடத்தைக் குறிக்கும் ‘நேவ்’ என்னும் சொல் கப்பல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மெல்ஃபர்டின் நடுக்கூடம் சுமார் 46 மீட்டர் நீளம். இங்கிலாந்தின் பங்கு ஆலயங்களில் இதைவிட நீளமான நடுக்கூடத்தைக் காண்பது அரிது.

வெளிச்சுவர் கருப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்டதுபோல் இருக்கிறதே, அது பூச்சா?

பூச்சு இல்லை, அத்தனையும் கல். இந்த ஆலயத்தின் தனி அழகே இதில் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சஃபோக்கில் செதுக்கத் தகுந்த நல்ல கட்டடக் கல் கிடையாது. அங்கே நிலத்துக்கடியில் சுண்ணப் பாறை இருக்கிறது. அதனுள் முண்டும் முடிச்சுமாகப் புதைந்து கிடப்பது சிக்கிமுக்கிக் கல். வெளியே வெளுத்த தோல் போர்த்தியிருக்கும். உடைத்தால் உள்ளே கரும்பழுப்பாக, கண்ணாடிபோல் பளபளக்கும். மிகக் கடினமானது, ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. உளியால் செதுக்கிப் பூவேலை செய்யவோ, பெரிய சதுரக் கற்களாக வெட்டவோ இதனால் முடியாது. தண்ணீரை உறிஞ்சாது என்பதால் சுண்ணாம்புச் சாந்தும் இதைச் சட்டென்று பற்றாது. ஆகவே இந்தக் கல்லைக் கொண்டு சுவர் எழுப்புவது பொறுமையைக் கேட்கும் வேலை. சில அடிகள் எழுப்பி, சாந்து இறுகும்வரை காத்திருந்து, பிறகே அடுத்த வரிசைக்குப் போக முடியும். சுவரின் மூலைகளைக் கூர்மையாக நிறுத்தவும் இந்தக் கல் உதவாது. சஃபோக்கை உள்ளடக்கிய கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்தின் மிகப் பழைய ஆலயங்கள் பலவற்றில் கோபுரம் வட்டமாக இருப்பது அதனால்தான் என்று பலரும் கருதுகிறார்கள்.

மூலைக்கும் சன்னலுக்கும் தேவையான சுண்ணக் கல் வெளியூரிலிருந்து படகிலும் வண்டியிலும் வர வேண்டும். விலை அதிகம். எனவே அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஒரு முறையைக் கொத்தர்கள் உருவாக்கினார்கள். வெளிர்நிறச் சுண்ணக் கல்லை மெல்லிய சட்டங்களாகவும் வளைவுகளாகவும் வெட்டி, சன்னல் வடிவத்தில் சுவரின் முகத்தில் பதிப்பார்கள். அந்தச் சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில், உடைத்த முகம் வெளியே தெரியும்படி கருங்கண்ணாடி போன்ற சிக்கிமுக்கித் துண்டுகளை இடம் பார்த்துத் தட்டிப் பொருத்துவார்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். கையால் தடவினால் மேடு பள்ளம் தட்டாது. ‘ஃபிளஷ்வொர்க்’ என்று இதற்குப் பெயர்.

மெல்ஃபர்டின் தெற்குச் சுவருக்கு அருகே சென்று ஒரே ஒரு கட்டத்தை மட்டும் உற்றுப் பார்த்தால் அதன் உழைப்பு புரியும். எந்தத் துண்டும் மற்றொன்றைப் போல் இல்லை. ஒவ்வொன்றும் தன் பக்கத்துத் துண்டின் விளிம்புக்கேற்பச் சிறு சிறு தட்டல்களால் சரி செய்யப்பட்டிருக்கிறது. உடைந்த முகங்களில் சிப்பியின் உட்புறத்தில் இருப்பதுபோன்ற வளைய வரிகள் தெரியும். ஒவ்வொரு வரியும் சுத்தியல் பட்ட இடத்திலிருந்து விரிந்த அலை. மழை பெய்து ஓய்ந்த பிறகு வெயில் பட்டால் அந்த ஈரமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னுகின்றன.

சுவரின் மேற்பகுதியில் வரிசையாக ஓடும் எழுத்துகள் என்ன சொல்கின்றன?

அவை வேண்டுகோள்கள். ‘இன்னாருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள், அவருடைய பொருளால் இந்த வளைவு கட்டப்பட்டது’ என்பதே அவற்றின் பொதுவான வடிவம். ராஜர் மோரியல் என்பவரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுமாறும், அவர் விட்டுச் சென்ற பொருளில் இந்த வளைவு எழுந்தது என்றும் ஒரு வாசகம் கூறுகிறது. மேல்சன்னல் வரிசையை ஒட்டியும் கிழக்குக் கோடியில் உள்ள மாதா சிற்றாலயத்தைச் சுற்றியும், தரையில் நின்று தலை நிமிர்த்திப் படிக்கக்கூடிய அளவில் இந்தப் பெயர்கள் தொடர்கின்றன. மாதா சிற்றாலயத்தின் வாசகத்தில் ஜான் கிளாப்டனின் பெயரும் 1496 என்னும் ஆண்டும் உள்ளன.

இதைப் புரிந்துகொள்ள அக்காலத்து நம்பிக்கை ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இறந்த ஆன்மா மோட்சம் போவதற்கு முன் உத்தரிக்கும் ஸ்தலத்தில் தன் பாவங்களுக்குரிய வேதனையை அனுபவிக்கிறது என்றும், உயிரோடிருப்பவர்களின் ஜெபமும் பூசையும் அந்தக் காலத்தைக் குறைக்கும் என்றும் மக்கள் உறுதியாக நம்பினார்கள். ஆகவே தன் பெயரைப் படிப்பவர் ஒரு நொடி நின்று தனக்காக ஜெபிப்பார் என்பதே கொடையாளியின் எதிர்பார்ப்பு. இதை வெறும் புகழாசை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. புகழ் வேண்டியவர் தன் பெருமையைச் சொல்வார். இவர்கள் தங்களுக்கு உதவி தேவை என்று எழுதியிருக்கிறார்கள்.

கட்டடக்கலை நோக்கிலும் இந்த வாசகங்கள் முக்கியமான ஓர் உண்மையைச் சொல்கின்றன. கட்டடம் ஒரே மாதிரியான வளைவுகளின் தொடராக வகுக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு வளைவையும் அதன் மேலுள்ள சன்னல்களையும் தனித்தனி கொடையாளிகள் ஏற்க முடிந்தது. ஒருவருடைய மரண சாசனத்தில் வந்த பணம் ஒரு வளைவானது. அடுத்தவருடையது அடுத்த வளைவானது. ஊரின் சேமிப்பு எவ்வாறு கட்டடமாக மாறியது என்பதை இப்படிப் பகுதி பகுதியாகப் படிக்க முடிகிற ஆலயங்கள் மிகச் சிலவே.

‘பெர்பெண்டிகுலர்’ பாணி என்பது என்ன?

இங்கிலாந்தின் இடைக்காலக் கட்டடங்களை நார்மன், எர்லி இங்கிலீஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்று வகைப்படுத்தி, அந்தப் பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் ரிக்மன். அவருடைய ஆய்வு 1817-இல் வெளிவந்தது. கட்டியவர்கள் யாரும் இந்தப் பெயர்களை அறிந்திருக்கவில்லை.

பெர்பெண்டிகுலர் என்பதை நாம் செங்குத்துப் பாணி எனலாம். 1330களில் குளோஸ்டர் மடாலய ஆலயத்தில் அது வடிவம் பெற்று, இரு நூற்றாண்டுகள் இங்கிலாந்து முழுவதும் செழித்தது. அதன் அடையாளத்தைச் சன்னலில் பாருங்கள். முந்தைய பாணியில் சன்னலின் மேல்பகுதியில் கற்சட்டங்கள் கொடிபோல் வளைந்து நெளியும். செங்குத்துப் பாணியில் நிலைக்கற்கள் அடியிலிருந்து மேல் வளைவு வரைக்கும் நேராக ஏறி முட்டும். குறுக்குச் சட்டங்கள் அவற்றைக் கட்டங்களாகப் பிரிக்கும். வளைவின் கூர்மை தணிந்து, தட்டையாகவும் அகலமாகவும் ஆகும். இதனால் சன்னல் அகலமாகலாம், சுவரின் பெரும்பகுதியையே கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்கலாம்.

மெல்ஃபர்டின் நடுக்கூடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் மேலே இரண்டிரண்டு சன்னல்கள் அமைந்துள்ளன. அந்தச் சன்னல்களின் செங்குத்துக் கோடுகள் சன்னலோடு நின்றுவிடாமல், கீழே வெறுஞ்சுவரிலும் கற்சட்டங்களாக இறங்கி வளைவின் தலை வரைக்கும் வருகின்றன. சுவர் எங்கே முடிகிறது, சன்னல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத அளவுக்கு இரண்டும் ஒரே பின்னலாகின்றன. வெளிச்சுவரின் ஃபிளஷ்வொர்க்கிலும் அதே சன்னல் வடிவம்தான் கல்லில் திரும்ப வருகிறது. அதனால் கட்டடம் முழுவதும் ஒரே கையெழுத்தில் எழுதியதுபோல் இருக்கிறது.

இவ்வளவு கண்ணாடி வைத்தும் சுவர் எப்படித் தாங்குகிறது?

கூரை இலேசாக இருப்பதால்தான். கல்லால் வளைத்துக் கட்டிய கூரை தன் எடையால் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். அதைத் தடுக்கக் கனமான சுவரும் பெரிய உதைசுவர்களும் வேண்டும். மெல்ஃபர்டில் இருப்பது மரக் கூரை. சுவருக்குச் சுவர் நீளும் உத்திரங்களின் மேல் அது தட்டையான சரிவில் கிடக்கிறது. எடை பெரும்பாலும் நேராகக் கீழே இறங்குவதால் வெளித்தள்ளல் குறைவு. சன்னல்களுக்கு இடையே நிற்கும் ஒடுக்கமான சுவர்த் துண்டுகளே அதைத் தாங்கிவிடுகின்றன. மேலே ஈயத் தகடு வேய்ந்திருக்கும். செங்குத்தான கூரையில் ஈயம் வெயிலில் இளகித் தன் எடையாலேயே மெல்லக் கீழிறங்கிவிடும் என்பதால், தட்டையான சரிவு அதற்கும் ஏற்றதாயிற்று.

வண்ணக் கண்ணாடிகள் பழையவைதானா? அவற்றில் இருப்பவர்கள் யார்?

பெரும்பகுதி போய்விட்டது, எஞ்சியதும் இடம் மாறியது. ஆனாலும் 15-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி இந்த அளவில் மிஞ்சியிருக்கும் பங்கு ஆலயங்கள் சஃபோக்கில் மிகக் குறைவு. மேல்சன்னல்களில் இருந்த உருவங்கள் பிற்காலத்தில் இறக்கப்பட்டு, இன்று பெரும்பாலும் வடக்குப் பக்கக்கூடத்தின் சன்னல்களில் உள்ளன. இது நமக்கு நன்மையாகவே முடிந்தது. அண்ணாந்து பார்க்க வேண்டியதை இப்போது முகத்துக்கு நேராகப் பார்க்கலாம்.

அவர்களில் பலர் கிளாப்டனின் உறவினர்களும் நண்பர்களும். முழங்காலிட்டு, கை குவித்து, ஒரு புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கிறார்கள். பெண்களின் மேலங்கியைக் கவனியுங்கள்: பிறந்த வீட்டின் சின்னமும் புகுந்த வீட்டின் சின்னமும் அதில் துணியில் நெய்ததுபோல் தீட்டப்பட்டிருக்கின்றன. தலையில், கம்பிச் சட்டத்தின்மேல் மெல்லிய துணியை வண்ணத்துப்பூச்சியின் இறகுபோல் விரித்த அலங்காரம். அந்தத் துணியின் வழியே பின்னே உள்ள நிறம் மங்கலாகத் தெரியும்படி ஓவியர் வரைந்திருக்கிறார். நார்ஃபோக் சீமாட்டி எலிசபெத்தின் உருவமும் இங்கே உள்ளது.

கண்ணாடியில் காணும் சிவப்பும் நீலமும் உருக்கும்போதே சேர்த்த நிறங்கள். பொன்மஞ்சள் வேறு வகை: வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்புறம் பூசிச் சூளையில் சுட்டால் அது மஞ்சளாக ஊறி நிலைக்கும். முடிக்கும் கிரீடத்துக்கும் ஒரே கண்ணாடித் துண்டில் மஞ்சள் கொடுக்க முடிந்தது இந்த முறையால்தான். துண்டுகளை ஈயச் சட்டங்களால் இணைத்திருக்கிறார்கள்.

தாயின் மடியில் மரித்த இயேசு கிடக்கும் வியாகுல மாதா காட்சியும் வடக்குப் பக்கக்கூடத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது.

மூன்று முயல்கள் எங்கே இருக்கின்றன?

வடக்கு வாசலுக்கு மேலுள்ள சன்னலில், ஒரு சிறு வட்டத்துக்குள். மூன்று முயல்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடுகின்றன. எந்த முயலைப் பார்த்தாலும் அதற்கு இரண்டு காதுகள். எண்ணிப் பார்த்தால் மொத்தமே மூன்று காதுகள்தான். நடுவில் முக்கோணமாகக் கூடும் அவற்றை மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆலயம் பரிசுத்த திரித்துவத்துக்கு, அதாவது தந்தை, மகன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுளுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பதால் மூன்றில் ஒன்று என்னும் பொருளை இதில் காண்பவர்கள் உண்டு. ஆனால் இதே உருவம் சீனாவின் துன்ஹுவாங் குகைகளின் விதானத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீட்டப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் டெவன் மாவட்ட ஆலயக் கூரைகளிலும் அடிக்கடி காணப்படுகிறது. ஆகவே பொருளை ஒன்றோடு கட்டிப்போடாமல் பார்ப்பதே நல்லது.

கிளாப்டன் சிற்றாலயத்தில் என்ன விசேஷம்?

வடகிழக்கு மூலையில், பீடப்பகுதியை ஒட்டி இருக்கும் இந்தச் சிறிய அறை கிளாப்டன் குடும்பத்தாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை நிறைவேற்றக் கட்டப்பட்டது. இதற்கும் பலிபீடத்துக்கும் இடையே உள்ள சுவரில் ஜான் கிளாப்டனின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் படுத்த உருவம் எதுவும் இல்லை. மேசைபோல் தட்டையான கல். தலைக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தில் உயிர்த்த கிறிஸ்துவும், முழங்காலிட்ட ஜானும் அவர் மனைவியும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். புனித வெள்ளியன்று, கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பமான நற்கருணையை அடக்கம் செய்து, ஈஸ்டர் காலையில் எடுக்கும் கல்லறையாகவும் இந்த இடமே பயன்பட்டது. தன் உடலுக்கு மேலேயே ஆண்டுதோறும் உயிர்ப்பு கொண்டாடப்படும்படி ஒருவர் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டடத்தின் ஒரு பகுதியும் ஒரு மனிதனின் நம்பிக்கையும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்திய இடத்தை நான் வேறெங்கும் அறியேன்.

சிற்றாலயத்தின் சுவரும் கூரையும் சேரும் இடத்தில், சுருள் விரிந்து ஓடுவதுபோல் தீட்டிய மரப்பலகைகளில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவியும் கவிஞருமான ஜான் லிட்கேட்டின் செய்யுள்கள் எழுதப்பட்டுள்ளன. கிழக்குச் சன்னலில் லீலிச் சிலுவை உள்ளது: லீலிச் செடியின் தண்டும் இலைகளுமே சிலுவையாக, அதன்மேல் கிறிஸ்து. மாதா கருத்தரிப்பார் என்று தேவதூதர் சொன்ன மங்கள வார்த்தை அறிவிக்கப்பட்டதும் சிலுவை மரணம் நிகழ்ந்ததும் மார்ச் 25 என்னும் ஒரே தேதியில் என்ற பழைய மரபிலிருந்து பிறந்த உருவம் இது. மாதாவின் லீலியும் மகனின் சிலுவையும் இங்கே ஒன்றாகின்றன. இங்கிலாந்திலும் இத்தகையவை மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

சீர்திருத்தக் காலத்தில் ஆலயம் எதையெல்லாம் இழந்தது?

கட்டி முடித்து ஐம்பது ஆண்டுகள்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்ததையே சீர்திருத்தம் என்கிறோம். 1539-இல் பெரி மடம் கலைக்கப்பட்டது. 1547-இல், இறந்தோருக்கான பூசை அறக்கட்டளைகளை அரசு சட்டத்தால் ஒழித்தது. உத்தரிக்கும் ஸ்தலம் என்பதே இல்லை என்று அறிவிக்கப்பட்டபின், சுவரில் எழுதிய வேண்டுகோள்களுக்கு அதிகாரபூர்வமாகப் பொருள் இல்லாமல் போயிற்று. சுரூபங்கள் உடைக்கப்பட்டன. நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையே பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தைத் தாங்கி நின்ற மாடமும் இறக்கப்பட்டது.

இந்த இழப்பை நாம் இவ்வளவு துல்லியமாக அறிவதற்கு ராஜர் மார்ட்டின் என்பவரே காரணம். அதே ஊரைச் சேர்ந்த இவர் பழைய கத்தோலிக்க விசுவாசத்தை விடாதவர். சிறுவயதில் தாம் கண்ட ஆலயத்தை முதுமையில் நினைவிலிருந்து எழுதி வைத்தார். கூரையில் பொன் முலாம் பூசிய நட்சத்திரங்கள் இருந்ததையும், சிலுவை மாடத்தருகே ஆர்கன் நின்றதையும், குருத்தோலை ஞாயிறன்று பவனி எந்த வழியாகப் போனது என்பதையும் அவர் குறித்திருக்கிறார். தம் குடும்பத்துச் சிற்றாலயத்தில் இருந்த வியாகுல மாதா சுரூபத்தின் அழகிய கன்னங்களில் கண்ணீர் வழிவதுபோல் இருந்ததை மறக்காமல் எழுதுகிறார். அங்கிருந்த பாடுபட்ட சுரூபப் பலகை பழுதுபட்டுத் தம் வீட்டில் இருப்பதாகவும், தம் வாரிசுகள் அதைச் செப்பனிட்டு ஒருநாள் பழைய இடத்திலேயே வைப்பார்கள் என்று நம்புவதாகவும் சொல்கிறார். அது நடக்கவில்லை.

ஒளித்து வைத்த எல்லாமே அழிந்துவிடவில்லை. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் வெண்பளிங்குச் சிற்பப் பலகை ஒன்று, 18-ஆம் நூற்றாண்டில் பீடப்பகுதியின் தரைக்கடியில் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது வடக்குப் பக்கக்கூடத்துச் சுவரில் இருக்கிறது. மாதா கட்டிலில் சாய்ந்திருக்க, கட்டிலுக்கு அடியிலிருந்து எருதும் கழுதையும் தலை நீட்டுகின்றன.

கோபுரம் மற்ற பகுதியைவிடப் புதிதாகத் தெரிகிறதே?

புதிதுதான். இடைக்காலக் கோபுரம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடி விழுந்து பாழாயிற்று. அதன் இடத்தில் செங்கல்லால் ஓர் எளிய கோபுரத்தைக் கட்டினார்கள். இவ்வளவு நேர்த்தியான கட்டடத்துக்கு அது பொருந்தவே இல்லை. விக்டோரியா ராணியின் வைரவிழாவை ஒட்டி எழுந்த முயற்சியால், கட்டடக்கலைஞர் ஜார்ஜ் ஃபிரெடரிக் பாட்லி 1898 முதல் 1903 வரை இன்றைய கோபுரத்தை எழுப்பினார். அவர் செங்கல் கோபுரத்தை இடிக்கவில்லை. அதை உள்ளே வைத்து, சுற்றிலும் சிக்கிமுக்கியும் சுண்ணக் கல்லும் கொண்டு புதிய உடை போர்த்தினார். உயரம் சுமார் 36 மீட்டர். பழைய ஃபிளஷ்வொர்க்கோடு ஒப்பிட்டால் பாட்லியின் வேலை சற்று ஒழுங்கு மிகுந்ததாகத் தெரியும். ஆனாலும் கட்டடத்தின் நீளத்துக்கு ஏற்ற உயரத்தை அதுதான் மீட்டுக் கொடுத்தது.

பின்புறம் தனியே ஒரு வீடுபோல் இருப்பது என்ன?

அதுதான் மாதா சிற்றாலயம். பொதுவாக மாதாவுக்கான பீடம் ஆலயத்துக்குள்ளேயே ஒரு பக்கமாக இருக்கும். மெல்ஃபர்டில் கிழக்குச் சுவருக்கும் அப்பால், மூன்று கூரை முகடுகளோடு தனிக் கட்டடமாக நிற்கிறது. உள்ளே நடுவில் ஓர் அறை. அதன் நான்கு பக்கமும் சுற்றி வரும் நடைவழி. பவனியாக வலம் வருவதற்கு ஏற்ற அமைப்பு. பங்கு ஆலயம் ஒன்றில் இப்படிப்பட்ட திட்டம் மிக அபூர்வம்.

சீர்திருத்தத்துக்குப்பின் இது 1670 முதல் ஊர்ப் பள்ளிக்கூடமாகப் பயன்பட்டது. அதன் சுவடு இன்றும் கிழக்குச் சுவரில் இருக்கிறது: பிள்ளைகள் படிப்பதற்காக எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு. பழுது பார்த்தவர்கள் அதை அழிக்காமல் விட்டது நல்ல முடிவு.

நேரில் போகிறவர்கள் எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

புல்வெளியின் கீழ்க்கோடியிலிருந்து மேலே நடந்து போவது நல்லது. வழியில், ஆலயத்துக்கு முன்னால் இருக்கும் சிவந்த செங்கல் கட்டடம் முதியோர் இல்லம். 1573-இல் சர் வில்லியம் கார்டல் நிறுவியது. அவருடைய கல்லறை பலிபீடத்துக்கு அருகே இருக்கிறது. நீதி, விவேகம், திடம், மிதம் என்னும் நான்கு நற்குணங்களும் உருவங்களாக அவரைச் சுற்றி நிற்கின்றன.

வாசலுக்கு வந்ததும் உடனே உள்ளே போய்விட வேண்டாம். தெற்குச் சுவரை ஒட்டிக் கிழக்கே மெதுவாக நடந்து, ஒவ்வொரு சன்னலுக்கும் மேலே உள்ள வாசகத்தை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பழைய ஆங்கிலம், பழைய எழுத்து வடிவம், முதலில் பிடிபடாது. மன்றாடுங்கள் என்று பொருள்படும் ‘பிரே’ என்னும் முதல் சொல் ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும், அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவதால். மாதா சிற்றாலயத்தின் மூலையைச் சுற்றி வடக்குப் பக்கம் வந்தால் வெயில் இருக்காது, சிக்கிமுக்கியின் கருமை இன்னும் ஆழமாகத் தெரியும். அங்கும் பெயர்கள் தொடர்கின்றன.